காப்பிக்கு மட்டும் விலக்கு

சங்கரன்கோவில் வட்டாரத்தில், பனவடலிசத்திரம் போன்ற ஊர்களில், செவ்வாயோ வெள்ளியோ ஒருபொழுது இருப்பவர்களிடம் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “ஒண்ணும் இல்ல, காப்பி மட்டுந்தான்.” சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் இட்லி உணவு, பழம் உணவு. காப்பி எதிலும் சேராதது. பால் ஊற்றி, சீனி போட்டு, நுரை பொங்க ஆற்றிய ஒரு டம்ளர் காப்பி ‘ஒண்ணும் இல்ல’ என்பதற்குள் அடங்கிவிடுகிறது. அரிசிச் சோற்றை விடத் துணிந்த மனம், ஆடி மாதம் முழுக்கக் கறி மீனைத் தொடாத மனம், இந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் விலக்குக் கேட்கிறது? இந்த விலக்கால் விரதம் முறிகிறதா? இப்படிக் கேட்டதும் இரு தரப்பாரும் உடம்பைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். காப்பி எடையைக் குறைக்கும், சர்க்கரை நோயைத் தள்ளிப்போடும், அதனால் விரதத்தில் குடிக்கலாம் என்கிறது ஒரு தரப்பு. காப்பி நரம்பைக் கெடுக்கும், பித்தத்தைக் கிளப்பும், அதனால் கூடாது என்கிறது மற்றது. அழைத்த சாட்சியே தவறு என்பது என் கருத்து. ஆனால் அது சொல்வதை முழுதாகக் கேட்காமல் அனுப்பிவிடுவதும் நியாயமாகாது.

விரத விதிகள் உருவான காலத்தில் இந்த நாட்டில் காப்பி கிடையாது. பாபா புதன் என்ற சூஃபிப் பெரியவர் 17ஆம் நூற்றாண்டில் யேமனின் மோக்காவிலிருந்து விதைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தென்தமிழ்நாட்டு ஏழைகள் பலருக்குக் காப்பி பானமாக அறிமுகமாவதற்கு முன்பே கூலி வேலையாக அறிமுகமாகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து இலங்கை மலைநாட்டுக்குப் போனவர்கள் அங்கே பறித்தது தேயிலைக் கொழுந்தை அல்ல, காப்பிப் பழத்தை. 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் அந்தத் தோட்டங்களை அழித்த பிறகே தேயிலை அங்கே பெரும்பயிராயிற்று. இங்கே வீட்டு அடுக்களைக்குள் காப்பி எப்படி நுழைந்தது, முதலில் எப்படிப் பழிக்கப்பட்டது, பிறகு எப்படி மரியாதையின் அடையாளமாயிற்று என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரையில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த வரலாற்றில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான்: காலையில் நீராகாரம் இருந்த இடத்தில் காப்பி வந்து உட்கார்ந்தது. நீராகாரம் உணவு என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. அதன் இடத்தைப் பிடித்த காப்பியோ உணவு என்ற பெயரை மட்டும் ஏற்காமல் தப்பிவிட்டது. பழைய பட்டியலில் இல்லாத பொருள் என்பதால் அதைத் தடுக்க விதியும் இல்லை, அனுமதிக்க விதியும் இல்லை. அந்த இடைவெளியில் பழக்கமே சாத்திரமாகிவிட்டது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததன்று. யேமனின் சூஃபிகள் இரவு வழிபாட்டில் கண் அயராமல் இருக்கக் காப்பி குடித்தார்கள். 1511இல் மக்காவின் அதிகாரி காயிர் பேக் மார்க்க அறிஞர்களையும் மருத்துவர்களையும் கூட்டி, அது மதிமயக்கும் பொருள் என்று தடை விதித்தார். தடை நீடிக்கவில்லை. மருத்துவர்களை அழைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அப்போதே உடம்பைத்தான் சாட்சிக்கு இழுத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் காப்பிக்கு முன்னால் சாக்லேட் பானத்தின் மேல் இதே வழக்கு நடந்தது. 1664இல் கர்தினால் பிரான்காச்சோ அதற்கென்றே ஒரு நூல் எழுதி, பானம் நோன்பை முறிக்காது என்று வாதிட்டார். சாக்லேட்டில் எத்தனை கொழுப்பு என்பது அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. இவர்களில் தெளிவாகக் கோடு கிழித்தவர்கள் தேரவாத பௌத்தத் துறவிகள். நண்பகலுக்குப் பிறகு அவர்கள் உண்பதில்லை. ஆனால் இலங்கையிலும் தாய்லாந்திலும் பல விகாரைகளில் பால் கலக்காத தேநீரும் காப்பியும் மாலையில் அருந்தலாம். பால் சேர்ந்தால் அது உணவு. நம் ஊர் விரதக்காரரை அந்தக் கோட்டின் முன் நிறுத்தினால், கருப்பட்டியோடு கடுங்காப்பி குடித்தவர் அரைகுறையாகத் தேறுவார். பால் காப்பிக்காரர் தேறமாட்டார்.

இனி உடம்பின் சாட்சியம். காப்பி எடையைக் குறைக்கும் என்ற பேச்சு முற்றிலும் கட்டுக்கதை அல்ல. 100 மில்லிகிராம் காஃபீன், அதாவது ஏறக்குறைய ஒரு நல்ல டம்ளர் காப்பியில் இருப்பது, சும்மா இருக்கும் உடம்பு எரிக்கும் ஆற்றலை இரண்டரை மணி நேரத்துக்கு மூன்று நான்கு விழுக்காடு கூட்டுகிறது என்பது சோதனைச் சாலையில் அளந்து பார்த்தது. விழுக்காடாகச் சொன்னால் பெரிதாகத் தெரியும் இதைக் கலோரியாக மாற்றிப் பார்க்கலாம். மணிக்கு 55 கலோரி எரிக்கும் ஒரு நடுத்தர உடம்பில் அது மொத்தம் நான்கைந்து கலோரி. அரை ஸ்பூன் சீனியில் இருப்பது அதைவிட அதிகம். அமெரிக்காவில் மருத்துவத் துறையினரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த மூன்று பெரிய ஆய்வுகளை 2023இல் சேர்த்துப் பார்த்தார்கள். சீனி போடாத காப்பியைத் தினமும் ஒரு கோப்பை கூட்டியவர்களின் எடை ஏற்றம் நான்கு ஆண்டுகளில் 0.12 கிலோ குறைவாக இருந்தது. ஒரு ஸ்பூன் சீனி கூடியவர்களுக்கு 0.09 கிலோ கூடுதலாக ஏறியிருந்தது. காப்பி கொடுத்ததில் முக்கால் பங்கை ஒரு ஸ்பூன் சீனி திருப்பி வாங்கிக்கொள்கிறது. நாம் போடுவது இரண்டு ஸ்பூன். நான்கு ஆண்டுகளுக்கு நூற்றிருபது கிராம் என்பது, அதற்காகக் காப்பி குடிக்கவும் வேண்டாம், அதற்குப் பயந்து விடவும் வேண்டாம் என்கிற அளவு.

நம் டம்ளரில் இருப்பதில் எடைக்குக் காரணம் காப்பி அல்ல, அதோடு வருபவை. 100 மில்லி பாலும் இரண்டு ஸ்பூன் சீனியும் சேர்ந்தால் ஏறக்குறைய 100 கலோரி. ஒருபொழுது இருக்கும் நாளில் பசியை அடக்க மூன்று தடவை குடித்தால் 300. ஐந்து இட்லிக்குச் சமம். ‘ஒண்ணும் இல்ல’ என்பது ஐந்து இட்லி. சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் இந்தக் கணக்கு மாறுமா என்று கேட்பார்கள். பனை நிற்கும் சீமையில் அது இயல்பான கேள்விதான். கருப்பட்டியில் சில தாதுக்கள் உண்டு, மணம் உண்டு, பனையேறிக்குக் கூலி உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி சர்க்கரையே. உடம்பு அதைச் சர்க்கரையாகவே எடுத்துக்கொள்ளும். எடைக் கணக்கில் அதற்குச் சலுகை கிடையாது.

எடையைத் தாண்டிய நலன்களில் காப்பியின் சாட்சியம் இன்னும் வலுவானது. பதினொரு லட்சம் பேரை உள்ளடக்கிய 28 தொடர் ஆய்வுகளை 2014இல் தொகுத்தபோது, தினமும் கூடும் ஒவ்வொரு கோப்பைக்கும் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 9 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. காஃபீன் நீக்கிய காப்பிக்கும் 6 விழுக்காடு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1991இல் காப்பியின் மேல் போட்ட சந்தேகத்தை 2016இல் விலக்கிக்கொண்டது. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானத்தின் மேலும் புதிய எச்சரிக்கையை வைத்தது. பாதகமும் உண்டு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காப்பி, டீ வேண்டாம் என்கிறது. காரணம், அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடுவதில்லை. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகையில் இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும்போது இது சின்ன விஷயம் அல்ல. தவிர, அந்தத் தொடர் ஆய்வுகளில் பல, காப்பியைப் பெரும்பாலும் பாலும் சீனியும் குறைவாகக் குடிக்கும் நாடுகளில் நடந்தவை. அவற்றின் பலனை நம் டபரா டம்ளருக்கு அப்படியே எழுதிக்கொள்ள முடியாது.

இந்தச் சாட்சியத்தில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. காஃபீன் நீக்கிய காப்பியிலும் நீரிழிவைத் தள்ளும் பலன் பெரும்பாலும் கிடைக்கிறது என்றால், நன்மை செய்வது முழுக்கக் காஃபீன் அல்ல. ஆனால் காலையில் நம்மை அடுக்களைக்கு இழுப்பது காஃபீன்தான். நலம் தரும் பொருளும் நம்மைப் பிடித்து வைத்திருக்கும் பொருளும் ஒன்றல்ல. ஒரே டம்ளரில் வருவதால் நாம் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறோம். காஃபீன் மூளையில் களைப்பைத் தெரிவிக்கும் அடினோசின் என்ற பொருளின் வாசலை அடைத்துக்கொள்கிறது. தினமும் அடைத்தால் மூளை அந்த அடைப்புக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. ஒரு நாள் காப்பி நின்றால் மூளையின் இரத்தக்குழாய்கள் விரிந்து தலைவலி வருகிறது. எரிச்சல், சோர்வு, எதிலும் மனம் நில்லாமை. இந்த நிலையை 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு தனிப் பெயரிட்டுப் பட்டியலில் சேர்த்தது. ரமலான் தொடக்க நாள்களில் பகலில் வரும் தலைவலிக்கும் யூதர்களின் யோம் கிப்பூர் நோன்புத் தலைவலிக்கும் பட்டினியோடு இதுவும் ஒரு காரணம் என்று மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

என் வாதம் இங்கேதான் நிற்கிறது. காப்பியே இல்லாமல் விரதம் இருப்பவருக்கு மதியம் தலை வலித்தால் அவர் அதைப் பசி என்று நினைக்கிறார். இறைவனுக்காகத் தாங்கும் வலி என்று கூட நினைக்கலாம். உண்மையில் அது, தாம் இத்தனை நாளாக அறியாத ஒரு கட்டு தம்மைப் பிடித்திருக்கிறது என்று உடம்பு சொல்லும் செய்தி. விரதத்தின் வேலை இந்தச் செய்தியை வெளியே கொண்டுவருவது. எதை விட்டால் எது துடிக்கிறது என்று பார்க்கும் சோதனை அது. காப்பிக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டால் சோதனை மற்ற எல்லா இடத்திலும் நடக்கும், எங்கே துடிப்பு இருக்கிறதோ அங்கே மட்டும் நடக்காது. சோறு இல்லாமல் ஒரு வேளை இருப்பது நம்மில் பலருக்கு எளிது. அதனால்தான் சோற்றை விட்டோம். காப்பி இல்லாமல் இருப்பது முடியாது. அதனால்தான் அதை உணவுப் பட்டியலிலிருந்து எடுத்தோம். கலோரிக் கணக்கில் கடுங்காப்பி விரதத்தை முறிக்காது. ஆனால் விரதம் சொல்ல வந்ததைச் சொல்லவிடாமல் அதன் வாயை அடைத்துவிடும்.

சங்கரன்கோவிலின் கதையும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. சங்கன், பத்மன் என்ற இரண்டு நாகர்கள் சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சண்டையிட, இருவரும் ஒன்றே என்று காட்டும்படி கோமதியம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்றாள் என்பது தல வரலாறு. அந்தத் தவத்தைக் கொண்டாடும் ஆடித்தபசு அன்று பக்தர்கள் காத்திருப்பது காட்சிக்கு. தவத்தின் பலனாக அம்மன் உடம்பு நலத்தைக் கேட்கவில்லை, மெலிவைக் கேட்கவில்லை. இதுவரை தெரியாமல் இருந்த ஒன்று தெரிய வேண்டும் என்று கேட்டாள். திருவள்ளுவரும் இரண்டையும் கலக்கவில்லை. முன் உண்டது செரித்ததா என்று பார்த்து அளவோடு உண்ணச் சொல்லும் ‘மருந்து’ அதிகாரத்தைப் பொருட்பாலில் வைத்தார். தனக்கு வரும் துன்பத்தைத் தாங்குவதைப் பேசும் ‘தவம்’ அதிகாரத்தை அறத்துப்பாலின் துறவறத்தில் வைத்தார். உடம்பைப் பேணுவது தேவையில்லை என்று அவர் சொல்லவில்லை. இரண்டுக்கும் இரண்டு கணக்கு என்றுதான் அந்த வைப்புமுறை சொல்கிறது.

இதற்கு மறுப்புகள் வரும். இன்றைய படித்த இளைஞர் சொல்லும் மறுப்பு முதலில்: பதினாறு மணி நேரம் உண்ணாமல் இருந்து கடுங்காப்பி மட்டும் குடிப்பது அறிவியல் ஏற்ற விரதம், எடை குறைகிறது, நம் முன்னோர் சொன்னதும் அதுதான். எடை குறைவது உண்மை. ஆனால் எதனால் என்பதைச் சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஓராண்டு வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2022இல் வந்தது. இரு குழுவுக்கும் ஒரே அளவு கலோரிக் கட்டுப்பாடு. ஒரு குழு மட்டும் காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு மணிக்குள் உண்டது. அவர்கள் சராசரியாக 8 கிலோ குறைந்தார்கள், மற்றவர்கள் 6.3 கிலோ. அந்த வேறுபாடு புள்ளியியல்படி தற்செயலாகவும் வந்திருக்கலாம். எடையைக் குறைத்தது நேரக் கணக்கைவிடக் குறைத்து உண்டதே. பத்தியம் இருப்பது நல்ல காரியம், யாரும் தடுக்கவில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதில் இறங்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் முன்னோர் பெயரை அதற்குச் சூட்டுவது வேண்டாத வேலை. பலன் தராசில் தெரிய வேண்டும் என்று இருப்பது பத்தியம். தராசில் ஒன்றுமே மாறாவிட்டாலும் நிறைவேறிவிடக்கூடியது விரதம்.

இரண்டாவது மறுப்பு தருக்கம் சார்ந்தது. காப்பி கட்டு என்றால் தண்ணீரும் கட்டுதானே, மூச்சும் கட்டுதானே, எங்கே நிறுத்துவது? உடம்பின் தேவைக்கும் பழக்கத்தின் பிடிக்கும் உள்ள வேறுபாடுதான் நிறுத்தும் இடம். ஆகாகான் மாளிகைச் சிறையில் 1942இல் உடல்நலம் பற்றி எழுதத் தொடங்கிய காந்தி, டீ, காப்பி, கோகோ மூன்றும் உடம்புக்குத் தேவையில்லாதவை என்று தனி இடம் ஒதுக்கிச் சொன்னார். அவருடைய உணவுக் கருத்துகள் பலவற்றை ஏற்க முடியாது. காப்பியால் கெடுதல் என்று அவர் நினைத்ததை இன்றைய ஆய்வுகள் ஏற்கவில்லை. ஆனால் தேவை இல்லை என்ற அளவில் அவர் சொன்னது நிற்கிறது. காப்பி குடிக்காமலே ஒருவர் முழு ஆயுளும் நலமாக வாழலாம். தண்ணீர் குடிக்காமல் ஒரு வாரம் தாண்ட முடியாது.

மூன்றாவது மறுப்புக்குத்தான் எனக்கு எளிதில் பதில் இல்லை. நம் ஊர்களில் விரதம் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கணவனுக்காக, பிள்ளைக்காக, மழைக்காக இருப்பது அவர்கள். அன்றைக்கும் வீட்டில் எல்லோருக்கும் சமைப்பதும் அவர்களே. அந்த ஒரு டம்ளர் காப்பியையும் பிடுங்கச் சொல்கிறாயா என்று கேட்டால் என்ன சொல்வது? சங்கரன்கோவிலில் விசைத்தறியில் இரவு முழுக்க நிற்பவருக்குக் கடைக் காப்பியும் டீயும் பல நேரம் சோற்றுக்குப் பதில். அங்கே காப்பி பசியை மறைத்து எடையைக் குறைக்கிறதென்றால் அது மகிழத்தக்க செய்தி அல்ல. இந்த மறுப்பு என் வாதத்தின் எல்லையைக் காட்டுகிறது, நான் ஏற்கிறேன். விடுவதற்கு ஒன்று இருப்பவருக்கே விரதம். இரத்தசோகையோடும் உறக்கக் குறைவோடும் நடமாடும் ஒருவரிடம் கட்டை அறிந்துகொள் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டியது வேறு: காப்பியைச் சாப்பாட்டை விட்டுத் தள்ளிக் குடியுங்கள், ஒருபொழுதைச் சத்துள்ள சோறாக உண்ணுங்கள். விலக்கு வேண்டுமானால் அவருக்கு முழு விலக்காகவே கொடுக்கலாம். காப்பிக்கு மட்டும் கொடுத்து மற்றதைப் பறிப்பதில் இரக்கமும் இல்லை, விரதமும் இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி. முன்கூட்டியே காப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிட்டால் விரத நாளில் தலைவலியே வராது. ரமலானுக்கு முன் மருத்துவர்கள் அப்படித்தான் செய்யச் சொல்கிறார்கள். வலியே இல்லாவிட்டால் விரதம் எதைக் காட்டும்? இதற்கு உடம்பின் சாட்சியமே பதில் சொல்கிறது. காப்பி நின்று 12 முதல் 24 மணி நேரத்தில் துன்பம் தொடங்கும், 20 முதல் 51 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும், இரண்டு நாளிலிருந்து ஒன்பது நாளில் அடங்கும். ஒரு நாள் மட்டும் காப்பியை விடுபவர் துன்பம் உச்சத்தை எட்டும் நேரத்திலேயே விரதத்தை முடித்துவிடுகிறார். கட்டு இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது; காப்பி இல்லாமல் முடியாது என்ற முடிவோடு மறுநாள் காலை இரண்டு டம்ளராகக் குடிப்பார். கட்டு அவிழும் என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. படிப்படியாகக் குறைப்பவர் அந்த மறுபாதியை அறிகிறார். குறைக்கும் நாள்கள் ஒவ்வொன்றும் விரத நாள்தான், குறைத்த கால் டம்ளர் ஒவ்வொன்றும் விட்ட பொருள்தான். ஆடித்தபசுக்குக் கொடியேறிப் பதினோராம் நாள்தான் தபசுக் காட்சி. கொடியேறிய அன்று காப்பியை நிறுத்தியவருக்கு, காட்சி நாளுக்குள் அந்த ஒன்பது நாளும் கழிந்திருக்கும்.